பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது

எங்கட பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரைத் "தூக்கி எறியுங்கோ, புது லப்டொப்போட வேலை செய்யாது" என்று கடையில சொல்லிச்சினம். எறியேல்லை.

முதலில் தடக்கினது கேபிள். பின்னால் இருக்கிற அந்த 36 முனைச் சொக்கெட், 1970இல் சென்ட்ரோனிக்ஸ் கம்பனி தன்ர பிரிண்டரில் பாவிச்சது. 1981இல் ஐபிஎம் பிசியோட வந்த பிரிண்டர் எப்சன் எம்எக்ஸ்-80 தான், பெயர் மட்டும் வேற. அதிலும் இதே சொக்கெட். 1996இல் யூஎஸ்பி வந்தபிறகு கணினிகள் அதை மெல்லக் கைவிட்டன. மாற்றுக் கேபிள் ஒன்று வாங்கினம், சரி.

ஆங்கிலம் கடகடவென்று அடிச்சுது. தமிழ்? வரிசையாகக் கேள்விக்குறி!

இந்தப் பிரிண்டர்களுக்குக் கணினி எழுத்தின் வடிவத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்பும். 65 வந்தால் பிரிண்டர் தன்ர சிப்பில் இருக்கிற ஆங்கில முதலெழுத்தை அடிக்கும். எங்கட பிரிண்டரின் சிப்பில் தமிழே இல்லை. பிறகு 'க' எங்கேயிருந்து வரும்?

ஆனால் 80களின் பிரிண்டர்களிலேயே கிராபிக்ஸ் முறை இருந்தது. டிரைவர் பக்கத்தைப் படமாக்கி, எந்த ஊசி எங்கே குத்தவேணும் என்று புள்ளி புள்ளியாகச் சொல்லும். லினக்ஸில் 9 ஊசி டிரைவரைத் தெரிவு செய்தம். தமிழ் வந்தது, ஆமை வேகத்தில.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அன்ரி எட்டிப் பார்த்தா: "என்ன பிள்ளையள், தையல் மெசின் வாங்கிட்டியளே?"