தொப்பியின் ரவையும் செவியின் வடிகட்டியும்

பெங்களூர் மெட்ரோ ரயிலில் ஏறினால், எதிரே அமர்ந்திருப்போரில் பலருடைய காதுகளில் இயர்போன் இருக்கக் காண்கிறோம். அல்சூரில் ஏறும் நம்மவர் ஒருவர் அதன் வழியே கேட்பது மார்கழிக் கச்சேரியாக இருக்கலாம். ஊரிலிருந்து பேசும் அன்னையின் குரலாகவும் இருக்கலாம். பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுக்குப் பிறந்த ஊர் பெரும்பாலும் செவி வழியாகவே வந்து சேர்கிறது. ஆகவே, அச்சிறு கருவி தரும் நாதம் மெய்யானதுதானா என்று ஆராய்வது வீண் வேலையன்று.

இக்கருவிகளுள் ஒரு வகையில், ஒலி வெளிவரும் மூக்கைத் திருகிக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். அதனுள்ளே மெல்லிய வலையோ நுண்துளை அடைப்போ இருக்கும். இதனை வடிகட்டி என்பர். ஒன்றைப் பொருத்தினால் கீழ்நாதம் ஓங்கும்; மற்றொன்றைப் பொருத்தினால் மேல்நாதம் பளிச்சிடும். ஏ.கே.ஜி. நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட கே3003 என்னும் கருவி இவ்வாறு மூன்று வகை வடிகட்டிகளுடன் வந்தது. புதியவர்க்கு இது விந்தையாகத் தோன்றும்; நம் மிருதங்கக் கலைஞர்க்குத் தோன்றாது.

ஏனெனில், மிருதங்கத்தின் இடப்பக்கமாகிய தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். ரவை கூடினால் நாதம் கனத்துத் தாழும். குறைந்தால் மெலிந்து உயரும். வலந்தலையின் நடுவே கருவட்டமாக நிலைத்திருக்கும் சோறோ, ஒருவகைக் கரிய கல்லின் பொடியையும் சோற்றையும் குழைத்துப் படலம் படலமாகத் தடவித் தேய்த்து இடப்படுவது. எத்தனை படலம் போதும் என்று தீர்மானிப்பது அளவுகோலன்று. கருவி செய்வோரின் செவியே.

இதன் காரணத்தை விஞ்ஞான முறையில் விளக்கியவர், 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். வெறும் தோல் போர்த்த பறையைத் தட்டினால், அடிநாதத்தோடு அதன் 1.59, 2.14 மடங்கான அதிர்வுகளும் எழும். இவை முழு மடங்குகள் அல்லவாதலால் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்திலோ, சோற்றின் பாரத்தால் மேல்நாதங்கள் 2, 3, 4, 5 என முழு மடங்குகளாக அமைகின்றன. இதனை ராமன் கல்கத்தாவில் இருந்தபோதே, 1920இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்தார். மறு ஆண்டில் இந்நகரிலேயே இந்திய விஞ்ஞான அக்காதெமியை நிறுவினார். அதன் ஆய்வேட்டின் முதல் தொகுதியிலேயே இந்திய முழவுகளைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை வெளியாயிற்று. தோலின் மீது நுண்மணலைத் தூவி, அது அதிரும் வகைகளைக் கண்ணுக்கும் புலனாக்கினார். செவி முன்னமே அறிந்திருந்ததை மணல் உறுதி செய்தது.

இனி இயர்போனுக்கு வருவோம். நம் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுடையது. அதன் உள்முனையைச் செவிப்பறை மூடியுள்ளது. ஆதலால் 3,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை அது இயல்பாகவே ஓங்கச் செய்கிறது. குழாயின் வாயை இயர்போன் அடைத்ததும் அவ்வியல்பு மாறிவிடுகிறது. அக்குறையைக் கருவியே ஈடுசெய்ய வேண்டும். கருவியின் சிறு குழலிலும் சில ஒலிகள் மிகையாக ஓங்கும். வடிகட்டி காற்றின் அசைவைத் தடுத்து அம்மிகையை அடக்குகிறது. ரவை பாரத்தால் நாதத்தைத் திருத்துகிறது; வலை தடையால் திருத்துகிறது. வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே.

எனவே, கருவியைச் சோதிக்க நமக்குப் பழகிய கச்சேரிப் பதிவே தக்க உரைகல். கருவி காதில் இறுக அமராவிடில் கீழ்நாதம் கசிந்துபோகும். அதனை வடிகட்டியின் குற்றமாகக் கொள்ளலாகாது. ஒலியளவைச் சமமாக வைத்தே ஒப்பிட வேண்டும்; இல்லையேல், உரக்க ஒலிப்பதே நல்லதென்று செவி மயங்கும். தொப்பியின் கும்கி பாடகரின் குரலை மூடினால் வலை மிக அடர்ந்தது. குரலில் சகரம் சீறினால் மிகத் தளர்ந்தது. குரலும் வலந்தலையும் தம்புராவின் ரீங்காரமும் தத்தம் இடத்தில் தெளிவாகக் கேட்குமாயின், அதுவே பொருத்தம். எந்த வடிகட்டி என்று நாம் அறியாதபடி வீட்டார் ஒருவரைக்கொண்டு மாற்றித் தரச் செய்வது இன்னும் நன்று. விலையும் விளம்பரமும் அப்போது தீர்ப்பில் கலவா.

செவிக்கும் காவல் வேண்டும். 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி ஏற ஏற, கேட்கத்தக்க நேரம் விரைந்து குறையும். நன்கு பொருந்திய கருவி ரயிலின் இரைச்சலைத் தடுப்பதால், ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறைகிறது. உதிர்ந்த ரவையை மீண்டும் அப்பலாம். பொருந்தாத வடிகட்டியை மாற்றிக்கொள்ளலாம். பேரொலியால் தேய்ந்த செவிப்புலனையோ நாம் மீண்டும் பெறுவதில்லை.