பழைய காரும் எலுமிச்சம்பழமும்

1960. அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ஒரு பக்கம் ஜான் கென்னடி. இன்னொரு பக்கம் எட்டு வருடம் துணை அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்ஸன். நிக்ஸனுக்கு ஆகாதவர்கள் ஒரு போஸ்டரை உலவ விட்டார்கள். அவருடைய போட்டோ. அதோடு ஒரே ஒரு கேள்வி.

'இந்த ஆளிடம் நீங்கள் பழைய கார் வாங்குவீர்களா?'

அவ்வளவுதான். பொய்யர், பித்தலாட்டக்காரர் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. தேவையும் இல்லை. படித்த மாத்திரத்தில் அமெரிக்கர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தேர்தலில் நிக்ஸன் ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றுப்போனார். போஸ்டர்தான் காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால், பழைய கார் வியாபாரிக்கு அந்த ஊரில் என்ன மரியாதை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஏன் அப்படி ஒரு கெட்ட பெயர்? சும்மா வரவில்லை. உழைத்துச் சம்பாதித்தது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 பிப்ரவரியோடு அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலைகள் எல்லாம் டாங்கியும் விமானமும் செய்யப் போய்விட்டன. புதுக் கார் கிடையாது. ஓட்டை உடைசலுக்கெல்லாம் திடீர் மவுசு. போர் முடிந்த பிறகும் கார் பசி அடங்கவில்லை. பசித்தவன் ருசி பார்ப்பானா? வியாபாரிகள் புகுந்து விளையாடினார்கள்.

கியர் பாக்ஸ் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடுகிறதா? உள்ளே கொஞ்சம் மரத்தூளைப் போட்டு அடைத்தார்கள். சத்தம் அடங்கிவிடும். வாங்கியவன் வீடு போய்ச் சேருகிறவரை அடங்கியிருந்தால் போதாதா? இன்ஜின் தட்டுகிறதா? கெட்டியான ஆயிலை ஊற்று. பாடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா? பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடி. புதுப்பெண் மாதிரி மின்னும்.

எல்லாவற்றுக்கும் மேலே, மீட்டர். அந்தக் கால ஓடோமீட்டர் என்பது பல்சக்கரங்களும் ஒரு கேபிளும். கேபிளைக் கழற்றி, டிரில்லிங் மிஷினில் மாட்டி, பின்பக்கமாகச் சுற்றவிட்டால் சில ஆயிரம் மைல்கள் காணாமல் போய்விடும். ரோல் தால் 1988-ல் எழுதிய 'மட்டில்டா' என்கிற குழந்தைகள் நாவலில் கதாநாயகியின் அப்பா இந்த மரத்தூள் வித்தையையும் டிரில் வித்தையையும் பெருமையாக விளக்குவார். குழந்தைகள் கதைக்கே வந்துவிட்டது என்றால் ஊருக்கே தெரிந்த ரகசியம் என்றுதானே அர்த்தம்?

சரி, ஏமாந்தவன் என்ன செய்வான்? பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சட்டப் பாடத்தில் ஒரு லத்தீன் வாசகம் வரும். கேவியட் எம்ப்டர். 'வாங்குகிறவனே, உஷார்!' நம்முடைய 1930-ம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்திலும் இதுதான் அடிப்படை, விதிவிலக்குகள் உண்டு. பார்த்து வாங்கவேண்டியது உன் பொறுப்பு, அப்புறம் வந்து அழாதே என்று பொருள். நான் பரீட்சைக்காக உருப்போட்ட வாசகம். எத்தனை பேரின் சேமிப்பு இந்த இரண்டு வார்த்தைக்குள் போய் விழுந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

இங்கேதான் கதைக்குள் ஒரு பேராசிரியர் வருகிறார்.

ஜார்ஜ் அகெர்லாஃப். 1966-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 26. ஜனங்கள் ஏன் பழைய காரை விட்டுவிட்டுப் புதுக்காரையே விரும்புகிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தார். சாதாரணக் கேள்விதான். பதில் சாதாரணமாக இல்லை.

நம் வசதிக்கு ரூபாயில் பார்க்கலாம். சந்தையில் பத்துப் பழைய கார்கள். ஐந்து நல்லவை, தலா இரண்டு லட்சம் பெறும். ஐந்து தண்டம், தலா ஒரு லட்சம்தான் பெறும். எது எது என்று விற்கிறவனுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்குத் தெரியாது. அவன் என்ன செய்வான்? நடுவாந்தரமாக ஒன்றரை லட்சம் என்பான். நல்ல காரை வைத்திருப்பவன், 'போய்யா, உன் ஒன்றரை லட்சமும் ஆச்சு' என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். தண்டத்தை வைத்திருப்பவனோ வாயெல்லாம் பல்லாக நிற்பான். ஆக, சந்தையில் மிச்சம் இருப்பது தண்டம் மட்டும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட தண்டக் காருக்கு 'லெமன்' என்று பெயர். எலுமிச்சை. அகெர்லாஃப் தம் கட்டுரைக்கு 'எலுமிச்சைச் சந்தை' என்றே பெயர் வைத்தார். இரண்டு பத்திரிகைகள், இது அற்ப விஷயம் என்று திருப்பி அனுப்பின. மூன்றாவது பத்திரிகை, இது உண்மையாக இருந்தால் பொருளாதாரமே வேறு மாதிரி ஆகிவிடுமே என்று சொல்லித் திருப்பியது. நான்காவதாக, 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' 1970-ல் வெளியிட்டது. 2001-ல் அந்த அற்ப விஷயத்துக்கு நோபல் பரிசு. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1967-68-ல் அகெர்லாஃப் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் ஒரு வருடம் இருந்தார். இந்தியச் சந்தையில் அரிசி வாங்கும் பெண், அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கவேண்டியிருக்கிறது என்பதும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. முறத்தோடு உட்கார்ந்த நம் பாட்டிகளுக்குத் தெரிந்த பொருளாதாரம்தான்!

கவனியுங்கள். அகெர்லாஃப் சொன்னது, ஏமாற்றுக்காரனால் ஏமாந்தவனுக்கு மட்டும் நஷ்டம் என்பதல்ல. காரை ஒழுங்காக வைத்திருந்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்க வருகிறானே, அவனுக்கும் நஷ்டம். யோக்கியனைச் சந்தையைவிட்டே துரத்திவிடுகிறார்கள்.

இதற்கு அமெரிக்க அரசாங்கம் என்ன செய்தது? மீட்டரைத் திருப்புவது குற்றம் என்று 1972-ல் மத்திய சட்டம் வந்தது. நின்றுவிட்டதா? ம்ஹூம். டிஜிட்டல் மீட்டர் வந்ததும் டிரில்லுக்குப் பதில் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வருடத்துக்கு நாலரை லட்சம் கார்களுக்கு மேல் பொய் மீட்டரோடு விற்கப்படுவதாக அந்நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறையே மதிப்பிட்டிருக்கிறது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். பழைய கார் விற்பனைக்கு விதிமுறை செய்யுங்கள் என்று 1975-ல் நாடாளுமன்றம், ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு உத்தரவு போட்டது. கமிஷன் 1981-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வியாபாரி தனக்குத் தெரிந்த பெரிய கோளாறுகளை எழுதி, காரின் கண்ணாடியில் ஒட்டவேண்டும்.

தெரிந்ததைச் சொல். அவ்வளவுதான். வியாபாரிகள் குய்யோ முறையோ என்று கூச்சல் போட்டார்கள். விதி செய்யச் சொன்ன அதே நாடாளுமன்றம், 1982-ல் அந்த விதியை ரத்து செய்தது! இப்படி ரத்து செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜெயித்தாயிற்று என்று நினைப்பீர்கள். இல்லை. கமிஷன் 1984-ல் விதியைத் திருத்தி எழுதியபோது, தெரிந்த கோளாறைச் சொல்லவேண்டும் என்கிற பகுதியைத் தானாகவே எடுத்துவிட்டது.

1985 முதல் அமெரிக்க டீலர்களின் பழைய கார்களில் ஒட்டப்படுவது அந்த மிச்சம்தான். 'பையர்ஸ் கைடு' என்று பெயர். வாரண்டி உண்டா இல்லையா என்று அதில் இருக்கும். பழைய கார்களில் வழக்கமாக வரக்கூடிய கோளாறுகளின் பட்டியலும் இருக்கும். கூடவே ஒரு யோசனை: உங்கள் மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று டீலரைக் கேளுங்கள்.

பத்து வருடப் போராட்டத்தில் மிஞ்சியது இந்த ஒரு வரி. பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆனால், எலுமிச்சைச் சந்தைக்கு மருந்து இதில்தான் இருக்கிறது. விற்கிறவனுக்கு மட்டும் தெரிந்ததை வாங்குகிறவனுக்கும் தெரியவைப்பது.

அது பெரிய வித்தையும் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் உங்கள் கண்ணெதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போகும்போதே பானெட் சுட்டால், முன்கூட்டியே ஓட்டிச் சூடுபடுத்தியிருக்கிறார்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளைப் புகை, சூடான பிறகும் நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது என்று சந்தேகப்படலாம். காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியில் வைத்துப் பாருங்கள். தகரம் என்றால் ஒட்டும், பட்டி என்றால் ஒட்டாது. மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர், பிரேக் பெடல் ரப்பரோ தேய்ந்து வழவழவென்று இருக்கிறதா? ரப்பர் சொல்வதை நம்புங்கள்.

இத்தனையும் உங்களுக்கு வராது என்றால் பரவாயில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். 'என் மெக்கானிக்கைக் கூட்டி வரட்டுமா சார்?'

தாராளமாக என்று சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கிற கூலி, உங்கள் பணத்தை மட்டுமல்ல, உண்மையைச் சொல்லி விற்க வந்த மனிதரையும் காப்பாற்றுகிறது. 'எதுக்கு சார் மெக்கானிக், நம்பிக்கை இல்லையா?' என்று பதில் வந்தால், அந்தக் காரைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டியது அநேகமாகத் தெரிந்துவிட்டது. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.