விரையும் சூறாவளியும் நின்று பெய்யும் சூறாவளியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் வெள்ள வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்களின் படையெடுப்புக்களாலும் ஆட்சி மாற்றங்களாலும் மட்டும் அளத்தல் போதாது. மண்ணும் நீரும் காற்றும் மக்கள் வாழ்வை உருவாக்கிய முறையும் வரலாற்றின் பாற்பட்டதே. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை இவ்வுண்மை ஆண்டுதோறும் மாரி காலத்தில் நினைவூட்டப்படுகின்றது. வங்காள விரிகுடாவிலே தாழமுக்கம் தோன்றியதென்ற செய்தி வந்ததும், “காற்று எவ்வளவு கடுமையாக வீசும்?” என்பதே மக்கள் கேட்கும் முதல் வினா. ஆயின் சூறாவளியினுள்ளே சுழலும் காற்றின் வேகம் வேறு. சூறாவளி இடம்பெயரும் வேகம் வேறு. குடாநாட்டின் தாழ்ந்த கரைகளுக்குக் கேடு விளைப்பதில் முன்னதைப் போலவே பின்னதும் பெரும் பங்குடையது என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகால நிகழ்ச்சிகளைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் நிலத்தின் இயல்பை நோக்குவோம். குடாநாடு சுண்ணக்கற் பாறையின் மீது அமைந்த சமதளம். கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றருக்கு மேல் உயர்ந்த நிலம் இங்கு அரிது. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதங்களுக்குள் பெய்துவிடுகின்றது. பெய்த நீரில் ஒரு பங்கு சுண்ணக்கல்லினூடே கீழிறங்கிக் கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. எஞ்சியது குளங்களிலும் தரவைகளிலும் தங்கி, கடல்நீரேரிகள் வழியாகக் கடலை அடைகின்றது. இவ்வொழுங்கு நடைபெறுவதற்குக் கால அவகாசம் வேண்டும். ஒரு மாத மழை இரண்டு மூன்று நாட்களில் கொட்டும்போது அவ்வொழுங்கு நிலைகுலைகின்றது.

எமது முதியோர் ‘புயல்’ என்றதும் குறிப்பிடுவது 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலையே. டிசம்பர் 22 ஆந் திகதி வவுனியாப் பகுதியினூடாக இலங்கையைக் கடந்த அச்சூறாவளி, அன்றிரவே பாக்குநீரிணையை அடைந்து தனுஷ்கோடியை அழித்தது. அங்கே ஏறக்குறைய 7 மீற்றர் உயரத்துக்குக் கடல் எழுந்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டி பயணிகளோடு அலைகளுக்கு இரையாயிற்று. தலைமன்னாரிலிருந்து கப்பலேறித் தமிழகம் சென்ற யாழ்ப்பாணத்தவர் பலர் முதலில் கால்வைத்த துறைமுகம் அது. அவ்வூர் மீண்டும் எழவில்லை. அச்சூறாவளி நாளொன்றுக்கு 400 முதல் 560 கிலோமீற்றர் வரை விரைந்து நகர்ந்ததென்பது இங்கு கருதத்தக்கது. அது வந்தது, அழித்தது, சென்றது. முறிந்த பனைகளும் காணாமற்போன வள்ளங்களும் மக்கள் மனத்தில் நீங்கா இடம்பெற்றன. ‘புயல் என்பது காற்று’ என்ற எண்ணம் வேரூன்றியமைக்கு இந்நினைவு ஒரு முக்கிய காரணமெனலாம்.

இதற்கு மாறான காட்சியை 2008 ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு நவம்பரில் ‘நிஷா’ எனப் பெயர்பெற்ற சூறாவளி, தாழமுக்கமாக இலங்கையின் வடபகுதியை அண்டி நின்று பெய்த பின்னரே சூறாவளியாக வலுப்பெற்றது; 27 ஆந் திகதி காரைக்காலுக்கு வடக்கே கரைகடந்தது. அதன் காற்று 1964 இன் காற்றோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் 1918 ஆம் ஆண்டுக்குப் பின்னர் யாழ்ப்பாணம் கண்டிராத மழையென்று அது பதிவாயிற்று. அக்காலம் போர்க்காலம். 2006 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலிருந்து ஏ-9 வீதி மூடப்பட்டிருந்தமையால் குடாநாட்டுக்கு வேண்டிய பொருட்கள் கடல் வழியாகவே வந்தன. வன்னியிலோ இடம்பெயர்ந்த மக்கள் கூடாரங்களிலும் மரநிழலிலும் இருந்தனர். ஒரே மழை எல்லார் மீதும் பெய்தாலும் அதன் துன்பம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதற்கு அந்நாட்கள் சான்றாகும்.

2020 டிசம்பர் 2 ஆந் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரைகடந்த ‘புரெவி’ இவ்வியல்பை மேலும் தெளிவாக்கியது. தீவைக் கடந்து மன்னார்க் குடாவை அடைந்த அது, இராமநாதபுரக் கரையருகே ஒரு நாளுக்கும் மேலாக ஏறக்குறைய அசையாது நின்றது. வலுவிழந்துவிட்டதென அறிவித்தல் வந்த பின்பும் மழை ஓயவில்லை. குடாநாட்டின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. 2025 நவம்பரில் ‘டித்வா’ இலங்கையின் மீது மெல்ல நகர்ந்தபோது மலையகத்தில் மண்சரிவுகள் நேர்ந்து, நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கும் உயிர்களைப் பெரிதும் பறித்தது காற்றன்று; நீரும் மண்ணுமே.

இனி, நின்று பெய்யும் சூறாவளி கரையோரத்தை ஏன் மிகுதியாக வருத்துகின்றது என்பதை ஆராய்வோம். வட அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று இடஞ்சுழியாகச் சுழலும். அது முல்லைத்தீவுக்குக் கிழக்கே நிற்குமாயின் குடாநாட்டில் வாடைத் திசைக் காற்று ஓங்கி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டிக் கரைகளில் கடலை ஏற்றும். மன்னார்க் குடாவுக்குச் சென்றதும் காற்றுத் தென்கிழக்குக்குத் திரும்பும்; அப்போது அஞ்சவேண்டியவை கொழும்புத்துறை, பாசையூர், குருநகர் முதலிய தென்கரைகள். வளியமுக்கம் ஒரு மில்லிபார் குறைய, கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உயரும். பாக்குநீரிணை ஆழமற்றதாதலின் காற்றுத் தள்ளும் நீர் கரையிலேயே குவியும். தரையிலே வெள்ளம் வடியக் காத்திருக்க, கடலோ வாயிலை அடைத்து நிற்கின்றது. விரைந்து செல்லும் சூறாவளியில் இந்நிலை சில மணி நேரம். நின்றுவிடும் சூறாவளியில் நாட்கணக்கு. தொண்டைமானாற்று அணையின் கதவுகளைத் திறந்தாலும், வெளியே கடல் உயர்ந்திருப்பின் நீர் எங்கே செல்லும்?

இவ்விடத்தில் எமது முன்னோரின் ஊரமைப்பு நினைவுகூரத்தக்கது. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்கள் உள்ளன. ஒன்று நிரம்பி வழிய அதன் நீர் வாய்க்கால் வழியே மற்றொன்றை அடைந்து, இறுதியிலேயே கடலைச் சேரும். இவ்வமைப்பு வெள்ளத்தைத் தாமதப்படுத்தியது. தாமதித்த நீர் நிலத்தினுள் இறங்கிக் கோடையிற் கிணறுகளைக் காத்தது. நீரை வீணே கடலுக்கு விடலாகாது என்ற சிந்தனையே 1954 இல் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்திலும் காணப்படுகின்றது. ஆகவே வெள்ளநீர் முழுவதையும் விரைவாகக் கடலுக்குள் தள்ளுவதே தீர்வென்போர், மூன்று நாட் துன்பத்துக்கு அஞ்சி ஒன்பது மாத வாழ்வை இழக்கச் சொல்கின்றனர். இன்றோ குளங்கள் தூர்ந்தும், சில மேடாக்கப்பட்டும், வாய்க்கால்கள் மதில்களால் மறிக்கப்பட்டும் கிடக்கின்றன. தாழ்ந்த கரைகளிலும் தரவைகளிலும் குடியிருப்போர் பெரும்பாலும் வேறிடம் வாங்க வசதியற்றவர்கள். மேட்டில் ஒருவர் மறித்த வாய்க்காலின் வெள்ளம் பள்ளத்தில் இன்னொருவர் வீட்டினுட் புகுகின்றது.

செய்மதிப் படங்கள் சூறாவளியின் ஒவ்வோர் அசைவையும் இன்று காட்டுகின்றன. 1964 இல் இல்லாத வாய்ப்பு இது. ஆயினும் பார்த்துக்கொண்டிருத்தல் மட்டும் காப்பாகாது. காற்றின் வேகத்தோடு, சூறாவளி எங்கே, எத்தனை நாள் நிற்கும் என்பதையும், அந்நாட்களில் எந்தக் கரையில் கடல் உயரும் என்பதையும் ஊர்தோறும் மக்கள் அறியுமாறு அறிவித்தல் வேண்டும். மாரிக்கு முன்னரே குளங்களைத் தூர்வாரி, வெள்ளவாய்க்கால்களை மீட்டெடுத்தல் வேண்டும். நின்று பெய்யும் மழைக்கு, நீர் நின்று செல்ல இடம் ஒதுக்கிய ஊரே தாக்குப்பிடிக்கும். அந்த இடத்தை முன்னோர் ஒதுக்கி வைத்தனர். அதை அடைத்தது எமது தலைமுறை. திறக்கவேண்டிய பொறுப்பும் எம்முடையதே.