மொத்த எடை தெரியும், தினக்கணக்கு எங்கே?

எங்க ஊர் சாந்தன்பாறை. ஏலக்காய்த் தோட்டங்களும் கணக்குப்பிள்ளைகளும் நிறைந்த ஊர். பேங்கில் வேலை பார்க்கும் காமர்ஸ்காரனுக்கு இயற்பியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதுவும் கணக்கு சமாச்சாரம்தான்.

புரோட்டானுக்குள் குவார்க்குகளைக் கட்டி வைத்திருக்கும் விசையைக் காகிதத்தில் கணக்குப் போட்டு முடிக்க முடியாது. 1974இல் அமெரிக்காவின் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். இடத்தையும் காலத்தையும் கட்டம் போட்ட நோட்டு மாதிரி புள்ளிகளாக்கிவிடலாம். பிறகு கணினி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நிஜக் காலத்தை வைத்தால், கூட்ட வேண்டிய எண்கள் ஒன்றையொன்று அடித்து அழித்துவிடும். மிச்சம் தேறாது. அதனால் காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றினார்கள். கணக்கு ஓடியது. 2008இல் புரோட்டானின் நிறையையே சில சதவீதத் துல்லியத்தில் எடுத்துவிட்டார்கள். நேரம் போகப்போக என்ன பாயும், எப்போது அடங்கும் என்பது மட்டும் நேரடியாகக் கிடைக்கவில்லை.

தோட்டத்துப் பாஷையில் சொன்னால், கையில் இருப்பது சில மொத்த எடைகள். அதுவும் கொஞ்சம் முன்னே பின்னே. அதை வைத்து எந்த நாள் யார் எவ்வளவு காய் எடுத்தார் என்று சொல்ல வேண்டும். பொருந்தும் விடைகள் ஆயிரம் வரும்!

1987இல் கார்ஷும் வைல்டும் விடையின் வடிவத்தை முதலிலேயே அனுமானித்துக்கொண்டு முயன்றார்கள். 1999இல் ஜப்பானின் அசகாவா, ஹட்சுடா, நகஹாரா மூவரும் வேறு வழி காட்டினார்கள். தரவு சொல்லாததை நாமும் கூடியவரை சொல்லாமல் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறை அது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சௌரேந்து குப்தா, கொதிக்கும் குவார்க் குழம்பில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்று 2004இல் ஒரு எண் தந்தார். முன்னோடி முயற்சிகளில் ஒன்று. 2007இல் பிரிட்டனின் ஸ்வான்சியில் கெர்ட் ஆர்ட்ஸ் குழு எடுத்த எண் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2011இல் ஜெர்மனியின் பீலஃபெல்டு குழுவும் கீழ் எண்ணின் பக்கமே வந்தது. குப்தாவிடமும் ஆர்ட்ஸ் குழுவிடமும் இருந்தது ஒரே வகைத் தரவு. பிரித்தெடுத்த முறைதான் வேறு.

2016இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் நான்கு அயனிகளை வைத்து, ஒரு சிறிய மாதிரியில் நிஜக் காலத்தையே ஓட்டிக் காட்டினார்கள். குவார்க் குழம்புக்கு அந்த வழி இன்னும் வெகுதூரம்.

'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்று உங்கள் பிள்ளைகள் சொன்னால், எந்த அனுமானத்தோடு சொன்னது என்று கேட்டுவரச் சொல்லுங்கள்.