பழையாறையில் ஒரு மழைநாள்

சோழ மன்னர் வீற்றிருந்த பெருநகரங்களுள் ஒன்றாகிய பழையாறை இஞ்ஞான்று ஓரூராக இல்லை. கும்பகோணத்தின் அணிமையிற் சிற்றூர்கள் பலவாய்ப் பிரிந்து கிடக்கின்றது. சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்னும் ஊர்ப்பெயர்களே அந்நகரின் அரண்மனையையும் படைவீடுகளையும் நினைவுறுத்தி நிற்கின்றன. முதலாம் இராசேந்திரன் காலத்தில் இந்நகர் முடிகொண்ட சோழபுரம் எனவும் வழங்கிற்று. முடிகொண்டான் ஆறு இன்றும் அப்பாங்கர் ஓடுகின்றது.

சென்ற ஐப்பசித் திங்களில், வானம் விடாது தூறிய ஒரு நாள், அன்பர் சிலருடன் தாராசுரந் தொடங்கிப் பழையாறை வரை கால்நடையாகவே சென்றோம். வண்டியில் விரைவார்க்கு இவை வெவ்வேறு கோயில்கள். நடப்பார்க்கோ ஒரு நகரின் உறுப்புக்கள் என்பது இனிது விளங்கும்.

தாராசுரத்து ஐராவதேச்சரம் இரண்டாம் இராசராசன் (கி. பி. 1146–1173) எடுப்பித்தது, 2004-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில் அறுபத்துமூவர் வரலாறுகள் சிறு சிற்பங்களாக அமைந்துள்ளன. அவற்றின்மேற் பெயர்களும் பொறிக்கப்பெற்றுள. குனிந்து நோக்குவார்க்கே அவை புலனாகும். சேக்கிழார் வாழ்ந்தது இவ்வரசன் தந்தையாகிய இரண்டாம் குலோத்துங்கன் காலம். ஆகவே, புராணம் தோன்றி ஒரு தலைமுறை கழியுமுன்னரே அதன் பொருள் கல்லில் ஏறிவிட்டது. அடியார் வரலாற்றை அரசரும் சிற்பியரும் எத்துணை ஆர்வத்தோடு ஏற்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அந்நாயன்மாருள் அமர்நீதியார் பழையாறை வணிகர். பட்டீச்சரம், வெயிலில் நடந்து வந்த ஆளுடைய பிள்ளையார்க்கு இறைவன் முத்துப்பந்தர் அளித்த தலம். அதனை அடுத்துள்ள இராமநாதன் கோயில், முதலாம் இராசராசன் தேவியருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவியார்க்கு எடுத்த பள்ளிப்படை. வடதளியோ, மறைக்கப்பட்ட சிவலிங்கத்தைக் கண்டல்லது உண்ணேன் என அப்பரடிகள் உணவொழித்திருந்த இடம்.

இத்துணைக் கோயில்கள் எஞ்சியிருப்ப, மாளிகை யாண்டுளது? சுவரொன்றும் நிற்கக் கண்டிலேம். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட அரண்மனை அடித்தளம் செங்கல்லால் ஆயது. தமக்குச் செங்கல்லும் மரமும் போதும், இறைவனுக்கே கற்றளி வேண்டும் என மன்னர் கருதினர் போலும். அவர்தம் இல்லம் அழிந்தது. அவர் எடுத்த கற்றளி நின்றது.

எனினும் கல்லும் தானே நில்லாது. பறவைகள் இட்ட அரசு, ஆல் முதலியவற்றின் வித்துக்கள் கார்காலத்து ஈரத்தில் விமானத்தின் இடுக்குகளில் முளைக்கின்றன. முளையாயிருக்கும்போது கையாற் களையலாம். விட்டுவிடின் வேர் கற்களின் பொருத்தைப் பிளக்கும். பின்னர்க் கல்லைப் பிரித்தன்றி அகற்றுதல் அரிது. அப்பரடிகள் உழவாரம் ஏந்தியதன் பொருளை மழைக்காலத்துக் கோயில்களே நன்கு உணர்த்துகின்றன.

ஆதலின், அன்பர்கள் ஐப்பசி கார்த்திகைத் திங்களிலும் இத்தலங்களை நடந்து வழிபடுக. விமானத்தை அண்ணாந்து நோக்குக. முளை கண்டால் கோயிற் பொறுப்பாளர்க்கு உடனே அறிவித்து, அவர் இசைவோடு களைதற்குத் துணைசெய்க. ஒருநாள் தொண்டு ஒரு கற்றளியைப் பல்லாண்டு காக்கும்.