சென்னை வானொலியும் அண்ணா பண்பலையும்

2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், சென்னைக் கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு வானொலி நிலையம் பிறந்தது. 90.4 மெகாஹெர்ட்சில் ஒலித்த அந்த அண்ணா பண்பலையே இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாகும். அதன் ஒலி எட்டிய தொலைவு சில கிலோமீட்டரே. எனினும், அது தோன்றிய வரலாறு நீண்டது.

சென்னையில் வானொலியை முதலில் தொடங்கியது அரசாங்கமன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924-இல் அமைத்த சென்னை மாகாண வானொலிக் கழகமே அப்பணியைத் தொடங்கிற்று. 1927-இல் பணமுடையால் அக்கழகம் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் முதல் நாள் மாநகராட்சி தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மாலையில் இசையும், பள்ளி நாள்களில் மாணவர்க்குப் பாடமும் ஒலித்தன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதார், கடற்கரையிலும் பூங்காக்களிலும் நிறுவிய ஒலிபெருக்கிகளின் வழியே கேட்டு மகிழ்ந்தனர்.

1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. ஊரார் நடத்திய வானொலிக் காலம் அத்துடன் முடிந்தது. 1977 ஜூலை 23-இல் இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் அதனை நடத்தியதும் அகில இந்திய வானொலியே.

இந்நிலை மாறக் காரணமாயிருந்தது ஒரு கிரிக்கெட் வழக்கு என்பது வியப்பன்றோ! ஆட்டத்தை ஒளிபரப்பும் உரிமை குறித்து வங்காளக் கிரிக்கெட் சங்கத்திற்கும் மத்திய அரசுக்கும் எழுந்த வழக்கில், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆயினும், வணிகர்க்கே கதவு முந்தித் திறந்தது. தனியார் பண்பலை நிலையங்கள் 2001-இல் வந்தன. கல்வி நிலையங்கட்கு அரசு இசைவளித்ததோ 2002 இறுதியில்தான். அவ்வழியே வந்தது அண்ணா பண்பலை.

பண்பலை பெரும்பாலும் பார்வைக் கோட்டளவே செல்லும். ஆகவே குறைந்த ஆற்றலுள்ள நிலையத்தின் குரல் நெடுந்தொலைவு போகாது. அக்குறையே இங்கு நிறைவாயிற்று. மாணவர் நிகழ்ச்சி தயாரிக்கப் பழகினர். வளாகத்தைச் சூழ்ந்த குடியிருப்புப் பெண்கள் உடல்நலமும் அறிவியலும் கேட்டதோடு, தாமே ஒலிவாங்கியின் முன் பேசவும் வந்தனர். நாடு முழுமைக்கும் பேசும் நிலையத்தில் அவர்கட்கு இடம் கிடைப்பது அரிது.

2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த அரசு வழிவகுத்தது. எனினும், இந்நிலையங்கள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்பத் தடை நின்றது. பாடம் சொல்லலாம், பாடலாம். தம் தெருவின் செய்தியைச் செய்தியாகச் சொல்லலாகாது! 1924-இல் ஒரு கழகம் தொடங்கிய பணி, எண்பது ஆண்டுக்குப்பின் ஊராரிடம் மீண்டது உண்மை. வானலை மக்களின் சொத்தென்ற தீர்ப்பு முழுப்பொருள் பெறுவது, அவர்தம் செய்தியும் அவ்வலையில் ஏறும் நாளிலேயாம்.