சிறிய படையும் குறி தவறாத கையும்

வானில் பறக்கும் விமானத்தைச் சுடுதல், நின்ற இலக்கைச் சுடுதல் போன்றதன்று. சுடுபவனும் விரைகிறான், இலக்கும் விரைகிறது. தோட்டா சென்று சேருமுன் பகை விமானம் இடம் பெயர்ந்துவிடும். ஆதலால், அது வரப்போகும் இடத்தையே குறிவைத்தல் வேண்டும். இக்கணிப்பு பழக்கத்தாலன்றி வாராது.

1939 நவம்பர் 30-இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியது. அப்பொழுது பின்லாந்தின் முதன்மைச் சண்டை விமானமான போக்கர் டி.21 நாற்பதுக்கும் குறைவாகவே இருந்தது. இழந்த விமானத்துக்கு ஈடு கிடைப்பது அரிது. ஆகவே ஒரு தோட்டாவும் வீணாகலாகாது. 24-ஆம் விமான அணியின் தலைவர் மாக்னுசன், போருக்கு முன்னரே சுடும் பயிற்சியை வற்புறுத்தி வந்தார். மிக நெருங்கிய பின்னரே சுடுக என்பது அங்குக் கற்பித்த பாடம்.

1940 ஜனவரி 6-இல் அவ்வணியின் யோர்மா சர்வாந்தோ, ஏழு குண்டுவீச்சு விமானங்களைத் தனியே துரத்திச் சென்று, ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் ஆறினை வீழ்த்தினார். தோட்டாக்கள் தீர்ந்தமையால் ஏழாவது அவரிடமிருந்து தப்பியது. அதனை மற்றொரு விமானி வீழ்த்தினார்.

மார்ச் 13-இல் போர் நின்றபோது பின்லாந்து நிலப்பகுதியை இழந்தது, சுதந்திரத்தை இழக்கவில்லை. சிறிய படைக்குப் பயிற்சியே பெருந்துணை என்பதற்கு, நேயர்களே, இது தக்க சான்றாகும்.